நாடுகள் நம்மைப் பற்றிப் பேசிய புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராஜதந்திரம், பன்னாட்டுச் சட்டம் பற்றிய பழைய புத்தகங்களைச் சேர்க்கிறேன் என்று தெரிந்ததும் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. சிலர் புதிதாக வாங்க நினைப்பவர்கள். பலர் தாத்தா விட்டுப்போன ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிப்பவர்கள். இருவருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

இந்தத் துறையில் என்னென்ன சேரும்?

சட்டப் பாடநூல்கள், தூதர்களின் நினைவுக் குறிப்புகள், ஒப்பந்தத் தொகுப்புகள், அரசு அறிக்கைகள், உலக நீதிமன்றத் தீர்ப்புகள், ஐ.நா. ஆவணங்கள், மாநாட்டுத் துண்டறிக்கைகள் எல்லாமே சேரும். தோல் கட்டுப் போட்ட பெரிய புத்தகம்தான் மதிப்புள்ளது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தத் துறையில் மெல்லிய காகித அட்டை போட்ட அறிக்கைதான் பல நேரம் கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் அதை யாரும் பத்திரப்படுத்தவில்லை.

புதிதாகத் தொடங்குபவர் எதை முதலில் தேட வேண்டும்?

ஐரோப்பிய மூல நூல்களை விட்டுவிட்டு, தென்னாப்பிரிக்க இந்தியர் விவகாரம் நாடுகளுக்கு இடையிலான விவகாரமாக மாறிய கதையை அச்சில் தேடுங்கள் என்பேன். இந்த நாட்டில் வாழும் தமிழர் ஒருவர் இந்தத் துறையில் சேர்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பணமும் குறைவாகத்தான் போகும்.

கதை 1884 லண்டன் உடன்படிக்கையில் தொடங்குகிறது. பிரிட்டனும் டிரான்ஸ்வால் குடியரசும் செய்துகொண்டது. அதன் 14 ஆம் பிரிவு, உள்நாட்டு ஆப்பிரிக்கர் தவிர மற்ற எவரும் டிரான்ஸ்வாலுக்குள் வரலாம், தங்கலாம், தொழில் செய்யலாம் என்றது. அடுத்த ஆண்டே டிரான்ஸ்வால் 1885 இன் 3 ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்து, ஆசியர்களுக்குக் குடியுரிமையையும் நிலம் வாங்கும் உரிமையையும் மறுத்தது. இந்தச் சட்டத்துக்கு என்ன பொருள், உடன்படிக்கையை மீறாமல் இதை எந்த அளவுக்கு நடைமுறைப்படுத்தலாம் என்ற வழக்கு நடுவர் தீர்ப்புக்குப் போனது. நடுவராக இருந்தவர் ஆரஞ்சு சுதந்திர நாட்டின் தலைமை நீதிபதி மெலியஸ் டி வில்லியர்ஸ். அவருடைய 1895 தீர்ப்பு டிரான்ஸ்வாலுக்குச் சாதகமாகவே அமைந்தது. லண்டனில் காலனிகள் அமைச்சர் சேம்பர்லேன் அதை ஏற்றுக்கொண்டார். கடைக்காரர்கள், தெரு வியாபாரிகள், கூலியாட்கள் ஆகியோரின் வாழ்க்கை இரண்டு அரசுகளுக்கு இடையிலான நடுவர் மன்றத்துக்குப் போனது அப்போதுதான்.

இதன் கடிதப் போக்குவரத்தும் தீர்ப்பும் 1895 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்காக அச்சிட்ட நீலப் புத்தகத்தில் இருக்கின்றன. அதன் எண் 'சி. 7911'. முழு வரிசையைத் தேடும்போது இந்த எண்முறை உதவும்: 1870 முதல் 1899 வரை 'சி.', 1900 முதல் 1918 வரை 'சிடி.', 1919 முதல் 1956 வரை 'சிஎம்டி.'. விற்பவர் தலைப்பைத் தப்பாக எழுதினாலும் எண்ணை வைத்துப் பிடித்துவிடலாம். 1910 க்குப் பிறகு தென்னாப்பிரிக்க யூனியன் அரசு அச்சிட்டவற்றில் 'யு.ஜி.' என்ற எண் இருக்கும். ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்கள் மீது போட்டிருந்த மூன்று பவுண்டு வரியை நீக்கச் சொன்ன சாலமன் ஆணைய அறிக்கை அந்த வரிசையில் 1914 இல் வந்தது.

சீனிவாச சாஸ்திரி பற்றிய நூல்கள் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பொறுமை வேண்டும். வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1927 இல் இந்திய அரசின் முதல் ஏஜென்டாக இங்கே வந்தார், 1929 வரை இருந்தார். இந்தியா அப்போது சுதந்திர நாடு இல்லை, அதனால் தூதர் என்ற பட்டம் கொடுக்க முடியவில்லை. ஆனால் அவர் செய்தது தூதரின் வேலைதான். அதற்கு முன்பே 1922 இல் வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் அவர். டர்பனில் சாஸ்திரி கல்லூரியைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

முதலில் தேட வேண்டியது ஏஜென்டின் ஆண்டறிக்கைகள். இந்திய அரசு அச்சிட்ட மெல்லிய அறிக்கைகள் இவை. பள்ளிக்கூடம், குடியிருப்பு, வணிக உரிமம், இந்தியர்களைப் பணம் கொடுத்து இந்தியாவுக்கு அனுப்பிய ஊர் திரும்பும் திட்டம் என்று ஒவ்வொரு ஆண்டும் இங்கே நடந்ததை அரசுக்கு எழுதியவை. சாஸ்திரிக்குப் பிறகு கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு, குன்வர் மகராஜ் சிங், சையத் ரசா அலி, பெனகல் ராமராவ் என்று அந்தப் பதவி தொடர்ந்தது. வரிசையாகச் சேர்த்தால் அதுவே ஒரு வரலாறு. ஒற்றை அறிக்கை கிடைத்தாலும் விடாதீர்கள்.

அடுத்தது சாஸ்திரியின் உரைகள். சென்னையில் ஜி.ஏ. நடேசன் கம்பெனி வெளியிட்ட தொகுப்பு உண்டு. அப்புறம், இங்கே அவருடைய தனிச் செயலராக இருந்த பி. கோதண்டராவ் எழுதிய வாழ்க்கை வரலாறு 1963 இல் வந்தது. பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுதியது என்பதால் நான் அதை மிகவும் மதிக்கிறேன்.

1946 ஐ.நா. விவகாரம் ஏன் சேகரிப்பவர்களுக்கு முக்கியம்?

1946 இல் யூனியன் அரசு, இந்தியர்கள் நிலம் வாங்கும் இடங்களைக் கட்டுப்படுத்திய ஆசியர் நில உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நம் மக்கள் அதைக் கெட்டோ சட்டம் என்றார்கள். நட்டால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் நாயக்கரும் டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் தாதுவும் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் இந்தியா விஷயத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. விஜயலட்சுமி பண்டிட் இந்தியக் குழுவின் தலைவர். எதிரே நின்றவர் யூனியன் பிரதமர் ஸ்மட்ஸ், அதாவது ஐ.நா. சாசனத்தின் முகவுரையை எழுதுவதில் முன் நின்றவர். இது எங்கள் உள்நாட்டு விவகாரம், சாசனத்தின் 2 ஆம் பிரிவு 7 ஆம் உட்பிரிவின்படி ஐ.நா. தலையிட முடியாது என்று வாதாடினார். இங்குள்ள இந்தியர்கள் பற்றி இரு அரசுகளும் 1927 இல் செய்துகொண்ட கேப்டவுன் உடன்பாட்டை இந்தியா காட்டியது. இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசி முடித்த விஷயம் எப்படி உள்நாட்டு விவகாரம் ஆகும் என்று கேட்டது. அந்த உடன்பாடு ஒப்பந்தமே இல்லை என்றார் ஸ்மட்ஸ். டிசம்பர் 8 ஆம் தேதி பொதுச்சபை 32 க்கு 15 என்ற கணக்கில், 7 நாடுகள் வாக்களிக்காமல் இருக்க, 44 ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது.

சட்ட மாணவர்கள் உள்நாட்டு அதிகாரம் என்ற அத்தியாயத்தைப் படிக்கும்போது இந்த விவாதம் வராமல் இருக்காது. எனவே 1927 உடன்பாட்டின் அன்றைய அச்சுப் பிரதிகள், பொதுச்சபையின் 1946 விவாதப் பதிவுகள், இரு அரசுகளும் தங்கள் தரப்பைச் சொல்ல அச்சிட்ட அறிக்கைகள், சத்தியாகிரகத்தின் துண்டறிக்கைகள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் வைக்க வேண்டும். ஸ்மட்ஸ் 1918 டிசம்பரில், ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கம் எப்படி அமைய வேண்டும் என்று எழுதி வெளியிட்ட சிறு நூலும் அந்த அடுக்கில் இருக்கட்டும். உலக அமைதிக்குத் திட்டம் போட்டவர் தன் நாட்டிலேயே யாரை விட்டுவிட்டார் என்பது பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் உறைக்கும்.

காந்தியின் தென்னாப்பிரிக்க சத்தியாகிரக நூல் இதில் சேருமா?

சேரும். காந்தி-ஸ்மட்ஸ் பேச்சுவார்த்தை முதல் 1914 உடன்பாடு வரை அதில் இருக்கிறது. பேச்சுவார்த்தை எப்படி முறிகிறது, எப்படி மறுபடி கூடுகிறது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல நூல் குறைவு. ஆங்கில முதல் பதிப்பு 1928 இல் சென்னை திருவல்லிக்கேணியில் எஸ். கணேசன் வெளியிட்டது. தமிழ்ப் பதிப்பாளர் ஒருவர் போட்ட அந்தப் பதிப்பு, பிறகு வந்த அகமதாபாத் பதிப்புகளைவிட அரிது. தலைப்புப் பக்கத்தில் கணேசன் பெயரும் ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தாத்தாவின் அலமாரியில் கிரோஷியஸ் எழுதிய புத்தகம் இருக்கிறது. பெரிய மதிப்பா?

எந்தப் புத்தகம் என்பதைப் பொறுத்தது. இந்த நாட்டில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். ஹியூகோ கிரோஷியஸ் பன்னாட்டுச் சட்டத்தின் தந்தை என்று சொல்லப்படுபவர். ஆனால் ஹாலந்துச் சட்டத்துக்கு ஓர் அறிமுக நூலும் எழுதினார், அது 1631 இல் வெளிவந்தது. ரோமன்-டச்சுச் சட்டம் இங்கே இன்னும் நடைமுறையில் இருப்பதால் தென்னாப்பிரிக்க நீதிமன்றங்கள் அந்த நூலை மேற்கோள் காட்டுகின்றன. வழக்கறிஞர்களின் அலமாரிகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான், அல்லது இதற்கு ஆர்.டபிள்யூ. லீ செய்து 1926 இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு. நல்ல நூல்கள்தான், ஆனால் நம் துறை வேறு.

நம் துறையில் அவருடைய இரண்டு நூல்கள் முக்கியம். ஒன்று 1609 இல் லெய்டனில் ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்த 'கட்டற்ற கடல்'. 1603 இல் டச்சுக்காரர்கள் சிங்கப்பூர் நீரிணைக்கு அருகே சாண்டா கடரினா என்ற போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்தார்கள். அதை நியாயப்படுத்த எழுதியதிலிருந்து பிறந்தது இந்த நூல். கிழக்குக் கடலில் போர்த்துகீசியருக்குத் தனி உரிமை கிடையாது என்பதே வாதம். பின்னாளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் கேப்டவுனில் 1652 இல் இறங்கியது, 1658 இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பறித்தது. நம் ஊர்க் கடற்கரைக்கும் இந்த ஊர்க் கடற்கரைக்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில் தொடர்பு இருக்கிறது. இன்னொன்று 1625 இல் பாரிசில் வந்த போரும் அமைதியும் பற்றிய பெருநூல்.

என் புத்தகத்தில் பழைய லத்தீன் தலைப்புப் பக்கம் இருக்கிறது. அசல்தானே?

அவசரப்பட வேண்டாம். வாஷிங்டனில் கார்னகி நிறுவனம் 1911 முதல் 1950 வரை 'பன்னாட்டுச் சட்டச் செவ்வியல் நூல்கள்' என்ற வரிசையை வெளியிட்டது. பழைய பதிப்புகளை அப்படியே படம் எடுத்து ஒரு தொகுதி, ஆங்கில மொழிபெயர்ப்பு இன்னொரு தொகுதி. கிரோஷியசுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 1646 பதிப்பு. தலைப்புப் பக்கத்தை மட்டும் பார்ப்பவர் பதினேழாம் நூற்றாண்டு என்று நம்பிவிடுவார். முன்பக்கங்களைப் புரட்டுங்கள், கார்னகி பெயர் இருக்கும். அந்தப் பக்கங்களை யாராவது கிழித்திருந்தால் காகிதத்தைப் பாருங்கள். கைக் காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இணை கோடுகள் தெரியும். பழைய அச்சில் எழுத்து காகிதத்தில் பதிந்திருக்கும், விரலுக்குத் தட்டுப்படும். படம் எடுத்து அச்சிட்டது வழவழப்பாக இருக்கும்.

கார்னகி வரிசையும் சேர்க்கத் தக்கதுதான், படிக்கவும் உதவும். ஆனால் 1995 இல் ஹைன் நிறுவனம் அதையும் மறுஅச்சிட்டது, அதனால் எந்த அச்சு என்று கேளுங்கள். இப்போது இணையத்தில் ஸ்கேனை எடுத்து ஆர்டருக்கு ஏற்ப அச்சடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். பக்கம் விட்டுப்போயிருக்கும், வரைபடம் மடிப்போடு ஸ்கேன் ஆகியிருக்கும். படிக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும் வாங்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை: சுவிஸ் சட்ட அறிஞர் வாட்டெல் பன்னாட்டுச் சட்டம் பற்றி எழுதிய 1758 நூலின் முதல் பதிப்பில் லண்டன் என்று ஊர் பெயர் இருக்கும். அச்சானது சுவிட்சர்லாந்தின் நூஷாட்டலில். லண்டன் என்று இருப்பதால் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

ஓப்பன்ஹைம், சாட்டோ: எந்தப் பதிப்பு?

சேகரிக்க என்றால் முதல் பதிப்பு, படிக்க என்றால் வேறு. ஓப்பன்ஹைமின் பன்னாட்டுச் சட்டம் இரண்டு தொகுதிகளாக 1905-06 இல் வந்தது: அமைதி ஒன்று, போர் ஒன்று. ஒரே ஒரு தொகுதியை வாங்கி மற்றதைத் தேடி அலைவதைவிட இரண்டும் சேர்ந்து கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது. படிக்க, லாட்டர்பாக்ட் திருத்திய 1955 எட்டாம் பதிப்பின் முதல் தொகுதி எனக்குப் பிடித்தது. மனித உரிமை என்ற எண்ணம் சட்டப் புத்தகத்துக்குள் நுழையும் காலம் அது.

எர்னஸ்ட் சாட்டோவின் தூதரக நடைமுறைக் கையேடு 1917 இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், தூதர் எப்படி வரவேற்கப்பட வேண்டும் என்று ஒருவர் நிதானமாக எழுதியிருக்கிறார். வேலைக்குப் பயன்படுத்த 2016 ஏழாம் பதிப்பை வாங்குங்கள்.

பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஹரால்ட் நிக்கல்சன் எழுதிய நூல்களுக்கு மேலுறை இருந்தால் மட்டும் கூடுதல் விலை கொடுங்கள்.

ஹேக் நீதிமன்றத் தீர்ப்புகள் பழைய கடைகளில் வருமா?

வரும், அதுவும் இந்த நாட்டில். தென்மேற்கு ஆப்பிரிக்கா, அதாவது இன்றைய நமீபியா தொடர்பான வழக்குகளுக்காக இங்கே நிறையப் பேர் வாங்கி வைத்திருந்தார்கள். 1950 கருத்துரை, 1962 முதற்கட்டத் தீர்ப்பு, 1966 இறுதித் தீர்ப்பு, 1971 கருத்துரை என்ற நான்கும் ஒரு தொகுப்பு. இவற்றில் 1962, 1966 தீர்ப்புகள் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் 1960 இல் போட்ட வழக்கில் வந்தவை. 1966 ஜூலை 18 இல் நீதிபதிகள் ஏழுக்கு ஏழு என்று பிரிந்தார்கள். தலைவர் பெர்சி ஸ்பெண்டரின் கூடுதல் வாக்கால், வழக்குப் போட்டவர்களுக்கு அந்த உரிமையே இல்லை என்று தள்ளுபடி ஆனது. 1971 இல் அதே நீதிமன்றம் தென்னாப்பிரிக்கா அங்கே இருப்பது சட்டவிரோதம் என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வாய்ப்புக்காகவே இவற்றை வாங்கலாம்.

பிரெஞ்சும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சாகியிருக்கும், அதனால் தொகுதி தடிமனாகத் தெரியும். மாற்றுக் கருத்து நீதிபதிகளின் பகுதிகள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 1966 இல் படிக்க வேண்டியதே அவைதான். ஜான் டுகார்ட் 1973 இல் வெளியிட்ட நமீபியா விவகாரத் தொகுப்பு கிடைத்தால் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தடை செய்யப்பட்ட காலத்துப் புத்தகங்களை எப்படி மதிப்பிடுவது?

1950 கம்யூனிச ஒடுக்குமுறைச் சட்டத்தின் கீழ் தடைக்கு உள்ளானவர்களின் பேச்சை மேற்கோள் காட்டவே கூடாது. 1963, 1974 வெளியீட்டுச் சட்டங்கள் புத்தகங்களையே தடுத்தன. நிறவெறிக்கு எதிராக ஐ.நா. வெளியிட்ட குறிப்புத் தாள்கள் நியூயார்க்கில் இலவசமாகக் கிடைத்தன, இங்கே வைத்திருப்பது ஆபத்து. அதனால் இந்த நாட்டுக்குள்ளேயே அந்தக் காலத்தில் கைமாறிய பிரதிக்குத் தனி மதிப்பு உண்டு. பெயர் வெட்டியிருக்கலாம், அட்டை இல்லாமல் இருக்கலாம், வேறு தாள் ஒட்டியிருக்கலாம். அதைச் சரி செய்யாதீர்கள், அப்படியே வையுங்கள். தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலாக வந்த ஜேக்கப்சன் குறிப்பேடும் இப்போது சேகரிப்புப் பொருள்.

நூலக முத்திரை இருந்தால் வாங்கலாமா?

நூலகத்திலிருந்து நீக்கப்பட்டது என்ற முத்திரை கூடவே இருந்தால் தாராளமாக வாங்கலாம். அது இல்லாமல் நூலக முத்திரை மட்டும் இருந்தால் அந்த நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். விற்பவர் நெருக்கமானவர் என்றாலும் கேளுங்கள்.

எங்கே வாங்குவது?

டர்பனில் புளோரிடா சாலையில் உள்ள ஐக்ஸ் புக்ஸ், கேப்டவுன் லாங் தெருவில் 1956 முதல் இருந்துவரும் கிளார்க்ஸ் புத்தகக் கடை இரண்டும் ஆப்பிரிக்க நூல்களுக்குப் பெயர் பெற்றவை. என்ன தேடுகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதைவிட முக்கியமான இடம், ஓய்வு பெறும் வழக்கறிஞர்களின் அலுவலகம். குடும்பம் வீடு மாறும்போது சட்டப் புத்தகங்கள் எடைக்குப் போகின்றன. கோயில் கூட்டங்களில், கல்யாண வீடுகளில் நான்கு பேரிடம் சொல்லி வையுங்கள்.

சென்னையிலிருந்து கொண்டு வரலாமா?

சென்னையில் மூர் மார்க்கெட் 1985 தீயில் போனபிறகும் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் லஸ் பக்கம் பழைய புத்தகம் கிடைக்கிறது. ஆனால் இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டம், நூறு ஆண்டு தாண்டிய வரலாற்றுப் பொருட்களையும், 75 ஆண்டு தாண்டிய கையெழுத்துப் பிரதிகள், ஆவணங்களையும் தனியார் வெளிநாடு கொண்டுபோகத் தடை போடுகிறது. சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். இங்கே வந்து சேரும் பார்சலுக்குப் பொதுவாக மதிப்புக் கூட்டு வரி உண்டு. இங்கிருந்து அரிய நூலை வெளியே அனுப்புவதற்கும் 1999 மரபு வளச் சட்டத்தின்படி அனுமதி தேவைப்படலாம், தென்னாப்பிரிக்க மரபு வள முகமையான சாஹ்ரா அலுவலகத்தில் முன்னரே கேளுங்கள்.

டர்பன் ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது?

ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். 40 முதல் 55 வரை வைத்தால் நிம்மதி. ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி அலமாரிக்குள் வையுங்கள், அறையில் அல்ல. அலமாரியை வெளிச் சுவரோடு ஒட்டாதீர்கள். புத்தகங்களை நெருக்கித் திணிக்காதீர்கள். வெள்ளிப்பூச்சி பசையைத் தின்னும், அதனால் நீலப் புத்தகங்களின் முதுகைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைப்பது தவறு, ஈரம் உள்ளேயே தங்கும். அமிலமற்ற அட்டைப் பெட்டி நல்லது. செல்லோடேப் எதிலும் ஒட்டக் கூடாது, அது காகிதத்தில் விடும் மஞ்சள் கறை போகவே போகாது. கடையில் கொடுத்துப் புது பைண்டிங் போட்டால் அரசு அறிக்கையின் மதிப்பு போய்விடும். அசல் அட்டையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

பெட்டியில் புத்தகங்களோடு கடிதங்கள், பாஸ்கள், துண்டறிக்கைகள் கலந்து கிடக்கின்றன. என்ன செய்ய?

முதலில் எதையும் பிரிக்காதீர்கள். எந்தக் கடிதம் எந்தப் புத்தகத்துக்குள் இருந்தது என்று பென்சிலால் ஒரு தாளில் எழுதி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். குடியேற்றச் சான்று, ஒப்பந்தத் தொழிலாளர் எண், ஊர் திரும்பும் திட்டத்தில் பெரியவர் ஒருவருக்கு 20 பவுண்டு தருவதாகச் சொன்ன நோட்டீஸ் போன்றவை கேப்டவுன் உடன்பாடு வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்ததற்கான சாட்சி. உடன்பாட்டின் அச்சுப் பிரதியைவிட ஆயாவுக்கு வந்த அந்த நோட்டீஸ் அரிது.

1903 இல் நான்கு மொழிகளில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் இதழின் தமிழ்ப் பக்கங்கள் 1906 இல் நின்றன. அவற்றில் ஒரு தாள் இருந்தாலும் தனியாக எடுத்து வையுங்கள். விற்பதற்கு முன் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலோ கில்லி கேம்பெல் நூலகத்திலோ காட்டுங்கள். கொடுக்க விருப்பம் இல்லை என்றால் ஸ்கேன் எடுக்க மட்டும் அனுமதிக்கலாமா என்று பேசிப் பாருங்கள். எது எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்று எழுதிய குறிப்பு கூடவே போகட்டும்.